பின்புறத்தைத் தரையில் தேய்க்கும் நாய்: பிழிந்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

பின்னங்கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்தபடி, முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு, பிட்டத்தைத் தரையில் உரசியவாறே நாய் நகர்வதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்து முடித்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டிப் புழு மருந்தைக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால், ஆசனவாய்ச் சுரப்பி நிறைந்துவிட்டது, பிழிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நாயை யாரிடமாவது கொண்டுபோகிறார்கள். முதலாவது பெரும்பாலும் குறி தவறுகிறது. இரண்டாவது சில நேரம் சரி, பல நேரம் அரைகுறை, சில நேரம் கெடுதல்.

ஆசனவாய்ச் சுரப்பி என்று சொல்லப்படும் அந்தப் பை நிறைந்திருக்கிறது என்பது ஒரு விளைவுதான். தானாகக் காலியாக வேண்டிய பை ஏன் காலியாகவில்லை என்று கேட்காமல் அதை மாதந்தோறும் பிழிந்துகொண்டே இருந்தால், அதே நாய் அதே தொல்லையோடு ஆண்டுக்கணக்கில் அலையும். இப்படி அலையும் நாய்கள் ஏராளம்.

எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது

நாயின் ஆசனவாய்க்கு இருபுறமும், தோலுக்கு அடியில், ஒவ்வொரு சிறிய பை இருக்கிறது. வாலைத் தூக்கிப் பார்த்து ஆசனவாயை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், 4 மணி இருக்கும் இடத்தில் ஒன்று, 8 மணி இருக்கும் இடத்தில் ஒன்று. நடுத்தர உடல்வாகுள்ள நாயில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுக்களவு. நிறைந்தால் இன்னும் பெரிதாகும். ஆசனவாயைச் சுற்றி உள் சுருக்குத் தசை, வெளிச் சுருக்குத் தசை என்று இரண்டு வளையங்கள் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தப் பைகள் செருகப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குறுகிய நாளம் கிளம்பி ஆசனவாயின் விளிம்பில் திறக்கிறது.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் பிடிபடும். நாய் மலம் கழிக்கும்போது கட்டியான மலம் உள்ளிருந்து அழுத்துகிறது, தசை வளையங்கள் வெளியிலிருந்து நெருக்குகின்றன. இரண்டுக்கும் இடையில் சிக்கிய பை தன் நீரில் கொஞ்சத்தை வெளியேற்றுகிறது. திடீரென்று பயந்துபோனாலும் தசை சுருங்கி நீர் பீறிடும். மருத்துவரின் மேசைமேல் ஏற்றிய உடனே அறை முழுவதும் மீன் நாற்றம் பரவுவதற்குக் காரணம் இதுதான். அதை நோய் என்று எண்ண வேண்டியதில்லை.

பையின் சுவரில் இருக்கும் சுரப்பிகள் எண்ணெய்ப் பசையுள்ள நீரைச் சுரக்கின்றன. உதிரும் செல்களும் அதோடு சேர்கின்றன. உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இந்தக் கலவையை நொதிக்கச் செய்வதால் அந்தக் கடும் நாற்றம் உண்டாகிறது. ஒவ்வொரு நாய்க்கும் இந்த வாசனை வேறு. ஒன்றையொன்று சந்திக்கும் நாய்கள் வாலடியை முகர்ந்து பார்ப்பதற்கும், மலத்தின் மேல் தங்கள் அடையாளத்தை விட்டுச்செல்வதற்கும் இது உதவுகிறது என்று கருதப்படுகிறது. ஓநாய்க்கும் பூனைக்கும் இதே பைகள் உண்டு. எதிரியின் முகத்தில் நாற்ற நீரைப் பீய்ச்சியடிக்கும் அமெரிக்க விலங்கான ஸ்கங்க்கின் ஆயுதமும் இதே உறுப்பின் வளர்ந்த வடிவம்தான். வீட்டு நாய்க்கு இது இல்லாவிட்டாலும் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் தேவைப்பட்டால் அறுவை செய்து எடுத்துவிடவும் முடிகிறது.

நலமான பையின் நீர் எப்படி இருக்கும்? இதற்கு ஒரே விடை கிடையாது. வெளிர் மஞ்சளாக இருக்கலாம், பழுப்பாக இருக்கலாம். தண்ணீர்போல ஓடலாம், சற்றுக் குழைவாகவும் இருக்கலாம். நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தத் தொல்லையும் இல்லாத நாயின் நீரிலும் பாக்டீரியா இருக்கும், சில நேரம் ஈஸ்ட்டும் வெள்ளணுக்களும்கூடத் தென்படும். ஆகவே ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்து மட்டும் தொற்று இருக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். வலி, வீக்கம், சிவப்பு, பை காலியாக மறுப்பது ஆகியவற்றைச் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

அடைப்பிலிருந்து சீழ்க்கட்டி வரை

தொல்லை பெரும்பாலும் படிப்படியாக வளர்கிறது. முதலில் நீர் வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கத் தேங்க அதிலுள்ள ஈரம் குறைந்து, பற்பசைபோலக் கெட்டியாகிறது. கெட்டியானதைக் குறுகிய நாளம் வெளியே விடாது. இது அடைப்பு. இந்தக் கட்டத்தில் நாய்க்கு வலியைவிட நெருடலும் அரிப்பும்தான் அதிகம். பின்புறத்தைத் தேய்க்கும், வாலின் அடியை அடிக்கடி நக்கும், உட்கார்ந்த நாய் யாரோ கிள்ளியதுபோலத் திடுக்கென்று எழுந்து திரும்பித் தன் பின்புறத்தைப் பார்க்கும். வாலடியைக் கடிப்பதும், வாலைத் துரத்திச் சுற்றுவதும் உண்டு. படுத்திருந்த இடத்திலோ விரிப்பிலோ பழுப்புக் கறையும் மீன் நாற்றமும் தங்கியிருக்கலாம்.

அடுத்தது அழற்சி. பையின் சுவர் வீங்கிச் சிவக்கிறது. இப்போது வலி சேர்ந்துகொள்கிறது. வாலைத் தூக்கவே நாய் விடாது. மலம் கழிக்கக் குந்தும், முக்கும், பாதியில் எழுந்துவிடும். இதைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணிப் பேதி மருந்து கொடுப்பவர்கள் உண்டு. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கும் நாய்க்குப் பேதி மருந்து கொடுத்தால், இளகிய மலம் பையை அழுத்தாது; ஏற்கெனவே இருக்கும் சிக்கல் இன்னும் கூடும்.

மூன்றாவது சீழ்க்கட்டி. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வரும். ஆசனவாய்க்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், தோல் சிவந்து அல்லது ஊதா நிறமாகி, தொட்டால் சூடாக, இறுக்கமாக வீங்கியிருக்கும். காய்ச்சல் வரலாம், நாய் சாப்பிடாமல் படுத்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் தோல் உடைந்து சீழும் இரத்தமும் வழியும். இந்த நிலையில்தான் பலரும் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். வாலடியில் திடீரென்று ஒரு ஓட்டை. வேறு நாய் கடித்திருக்கும், அல்லது எதிலோ குத்திக்கொண்டிருக்கும் என்று முடிவுசெய்துகொள்கிறார்கள். காயம் ஆசனவாய்க்கு ஒட்டிப் பக்கவாட்டில் இருந்தால், கடியைவிட வெடித்த பையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உடைந்ததும் அழுத்தம் குறைந்து நாய் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். அதை நம்பி மருத்துவரைத் தவிர்த்துவிடக் கூடாது. உள்ளே சீழ் மிச்சமிருக்க மேலே தோல் மூடிக்கொண்டால் அதே இடத்தில் மறுபடியும் கட்டி எழும்பும்.

இந்த மூன்றும் எப்போதும் இதே வரிசையில்தான் வரும் என்றில்லை. முதல் இரண்டு கட்டங்களை நாய் வெளிக்காட்டாமலே கடந்து நேரடியாகக் கட்டியோடு வந்து நிற்பதும் வழக்கம், அதிலும் உடல் முழுக்க அடர்ந்த முடியுள்ள நாய்களில்.

தேய்க்கும் எல்லா நாய்க்கும் சுரப்பிக் கோளாறு இல்லை

புழுக்களைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். குடலில் வாழும் புழுக்களில் நாடாப்புழு மட்டும் இந்த விஷயத்தில் ஓரளவு சம்பந்தப்பட்டது. அதன் துண்டுகள் ஆசனவாய் வழியாக ஊர்ந்து வெளியேறும்போது அரிப்பு ஏற்படலாம். வாலடி முடியிலோ படுக்கையிலோ அரிசி மணி அளவில் வெளிர் துண்டுகள் ஒட்டியிருந்தால் அதுதான். அதற்குப் பிராசிகுவான்டல் உள்ள மருந்து வேண்டும். எல்லாப் புழு மாத்திரையிலும் அது இருப்பதில்லை. நாய் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் அந்த நாடாப்புழு வருகிறது, ஆகவே தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை கொடுப்பதில் பெரிய பயன் கிடையாது. துண்டுகள் எதுவும் தென்படாமல், ஒழுங்காகப் புழு நீக்கம் செய்யப்படும் நாய் தேய்த்தால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஒவ்வாமை என்பது இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் முக்கியப் பாத்திரம். நாய்களில் ஒவ்வாமை மூக்கடைப்பாகவோ தும்மலாகவோ வருவது குறைவு. தோல் அரிப்பாகத்தான் வரும். பாதம், காது, அக்குள், அடிவயிறு, ஆசனவாயைச் சுற்றிய தோல் இவைதான் அதன் இடங்கள். உங்கள் நாய் பின்புறத்தைத் தேய்ப்பதோடு பாதங்களையும் நக்கிக்கொண்டே இருக்கிறதா? பாத முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருக்கிறதா? காதில் அடிக்கடி சீழோ அழுக்கோ சேர்கிறதா? ஆம் என்றால் பை வெறும் பார்வையாளர். அரிப்பது சுற்றியுள்ள தோல். அந்த அழற்சி நாளத்தின் வாயை வீங்கச் செய்து பையையும் அடைத்துவிடுகிறது. பிழிந்தால் ஓரிரு வாரம் நிம்மதி, பிறகு பழைய கதை.

வால் துவங்கும் இடத்தில், முதுகின் கடைசிப் பகுதியில் முடி உதிர்ந்து சிவந்திருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையை நினைக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குப் பிறகு முடியில் மலம் ஒட்டிக் காய்ந்து கிடந்தாலும் நாய் தேய்க்கும். வெந்நீரும் கத்தரிக்கோலும் போதும்.

ஆசனவாய்க்குப் பக்கத்தில் வீக்கம் என்றாலே பைதான் என்றும் சொல்ல முடியாது. விதைநீக்கம் செய்யப்படாத வயதான ஆண் நாய்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் தீங்கற்ற ஒரு கட்டி வருகிறது. ஆண் ஹார்மோனை நம்பி வளர்வதால் விதைநீக்கம் செய்ததும் பல சுருங்கிவிடும். அதே வயதான ஆண் நாய்களில் இடுப்புத் தசைகள் தளர்ந்து, மலக்குடலோ சில நேரம் சிறுநீர்ப்பையோகூட ஆசனவாய்க்குப் பக்கத்தில் குடலிறக்கமாகப் பிதுங்கி நிற்பதும் உண்டு. அதைச் சுரப்பி என்று நினைத்துப் பிழிய முயல்வது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில் ஆசனவாயைச் சுற்றிப் பல துளைகள் விழுந்து சீழ் வடியும் நோய் ஒன்று தனியாகவே இருக்கிறது. அது நோயெதிர்ப்பு அமைப்பின் கோளாறு. சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில் தேவைப்படும். பையை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது ஆறாது.

யாருக்கு அதிகம் வருகிறது

லண்டனிலுள்ள ராயல் வெட்டர்னரி காலேஜின் வெட்காம்பஸ் திட்டம், 2013-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பொது மருத்துவ மையங்களில் கவனிக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவுகளை அலசி, 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. ஓராண்டில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு நாய்களுக்குப் புற்றுநோய் அல்லாத ஆசனவாய்ப் பைக் கோளாறு இருந்திருக்கிறது. கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் பட்டியலின் உச்சியில் நின்றது. ஷிட்சு, பிஷோன் ஃப்ரீஸ், காக்கர் ஸ்பானியல், காக்கப்பூ ஆகியவையும் சராசரியைவிட மேலே இருந்தன. பாக்சரும் ஜெர்மன் ஷெப்பர்டும் கீழே. மொத்தத்தில் சப்பை மூக்கு நாய்கள் நீள மூக்கு நாய்களைவிட மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தன. மூக்குக்கும் பின்புறத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். சப்பை மூக்கு இனங்களில் தோல் ஒவ்வாமை மிகுதி என்பதும், குறுகிய முதுகும் சுருண்ட வாலும் கொண்ட உடலமைப்பும் காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கலாமே தவிர, உறுதியான விடை இல்லை.

இனத்தை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று மலத்தின் கட்டித்தன்மை. வயிற்றுப்போக்கு நின்ற சில நாட்களிலோ வாரங்களிலோ பைத் தொல்லை தலைகாட்டுவதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். இன்னொன்று உடல் எடை. கொழுத்த நாயின் வாலடியில் தசையின் நெருக்கல் பைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அந்த மடிப்புகளில் ஈரமும் அழுக்கும் தங்குவது வேறு.

மருத்துவர் என்ன செய்வார்

கையுறை அணிந்து, வழுக்கும் பசை தடவிய ஆள்காட்டி விரலை ஆசனவாய்க்குள் நுழைத்து, வெளியே கட்டைவிரலை வைத்து, பையை இரண்டு விரலுக்கும் நடுவில் கொண்டுவந்து மெதுவாக அழுத்துவதே முறையான வழி. வெளியிலிருந்து மட்டும் கிள்ளிப் பிழிவதைவிட இதில் பை முழுமையாகக் காலியாகிறது. அதைவிட முக்கியமானது வேறு: உள்ளே போகும் அந்த விரல் பையின் சுவரைத் தடவிப் பார்க்கிறது. சுவர் தடித்திருக்கிறதா, காலியான பிறகும் ஒரு முடிச்சு மிஞ்சுகிறதா, மலக்குடலின் மேற்கூரையில் நிணநீர்க் கணுக்கள் பருத்திருக்கின்றனவா என்று எந்த இயந்திரமும் இல்லாமல் அரை நிமிடத்தில் அறிந்துகொள்ள முடிகிறது.

உள்ளடக்கம் மிகக் கெட்டியாக இருந்தால் உப்புக் கரைசலையோ மெழுகைக் கரைக்கும் திரவத்தையோ நாளத்தின் வழியே செலுத்தி இளக்குவார்கள். அழற்சி இருந்தால் லேசான மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயால் பையைக் கழுவி, ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பை உள்ளேயே நிரப்பிவிடுவது வழக்கம். ஓரிரு வாரங்களில் மறுபடி கழுவ வேண்டியிருக்கலாம். மருந்து பைக்குள் போக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வாலடியில் வெளியே தடவும் களிம்பு பையை எட்டாது. நாய் அதை நக்கி விழுங்குவதுதான் நடக்கும்.

சீழ்க்கட்டிக்கு வழி வேறு. அதைப் பிழியக் கூடாது. வலி தாங்காது என்பது ஒருபுறம்; நைந்த சுவர் உள்பக்கமாக உடைந்து சீழ் சுற்றுத் தசைக்குள் பரவும் அபாயம் மறுபுறம். மயக்கம் கொடுத்துக் கட்டியைக் கீறி, சீழை வடியவிட்டு, நன்றாகக் கழுவி, பெரும்பாலும் தையல் போடாமல் திறந்தே விடுவார்கள். அடியிலிருந்து ஆறி மேலே வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். மருத்துவர் தையலை மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வலி நிவாரணியும், தேவைக்கேற்ப வாய்வழி ஆன்டிபயாடிக்கும் தருவார்கள். வீட்டில் வெதுவெதுப்பான ஈரத்துணியால் நாளுக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் வடிதலும் ஆறுதலும் விரைவுபடும். நக்கவிடாமல் தடுக்கும் கூம்பு கழுத்தில் கட்டாயம். அதை நாய் வெறுக்கும், நீங்களும் இரக்கப்பட்டுக் கழற்றுவீர்கள், அன்றிரவே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். இரண்டு வாரம் மனத்தைக் கல்லாக்கிக்கொள்வது நல்லது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுரப்பித் தொல்லையால் நாய் இறப்பது அரிது. தவறான மாத்திரையால் இறப்பது அவ்வளவு அரிதன்று.

வீட்டில் பிழியலாமா

தொல்லை இல்லாத நாயின் பையைத் தொடவே வேண்டாம். நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் நிலையங்கள் பலவற்றில் நகம் வெட்டுவது, காது துடைப்பதுபோல இதையும் வழக்கமான பணியாகச் செய்துவிடுகிறார்கள். தானாக வேலைசெய்யும் பையைத் தேவையில்லாமல் அழுத்திக்கொண்டிருந்தால் அதன் சுவரும் நாளமும் எரிச்சலடையும். பிறகு உண்மையாகவே அடைப்பு வரலாம். உங்கள் நாய்க்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், இதைச் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடிக்கடி அடைக்கும் நாயாக இருந்து, மருத்துவரே நேரில் செய்து காட்டியிருந்தால், வெளிப்புற முறையை வீட்டில் செய்யலாம். ஒருவர் நாயின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கையுறையோடு வாலைத் தூக்கி, ஈரப் பஞ்சை ஆசனவாய்க்கு நேரே வைத்து, 4 மணி, 8 மணி இடங்களில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, பைக்குப் பின்னாலிருந்து ஆசனவாயை நோக்கி மெதுவாக உந்த வேண்டும். முகத்தை நேரெதிரே வைக்காதீர்கள். அந்த நீர் தெறிக்கும் தூரம் வியப்பூட்டும், துணியிலிருந்து நாற்றம் போவதும் எளிதன்று. இரண்டு முறை முயன்றும் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பலத்தைக் கூட்டுவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. சிவப்பு, சூடு, வீக்கம், இரத்தம், தொட்டாலே நாய் கத்துவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் கை வைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எப்போது பிழிவது என்பதையும் நாட்காட்டி தீர்மானிக்கக் கூடாது. நாய் தொல்லையைக் காட்டினால், பை நிறைந்திருந்தால், அப்போது மட்டும்.

திரும்பத் திரும்ப வந்தால்

ஒரு முறை அடைத்துப் போனால் அது தற்செயலாக இருக்கலாம். சில மாதங்களுக்குள் இரண்டு மூன்று முறை என்றால் காரணத்தைத் தேடும் வேலை தொடங்க வேண்டும்.

மலத்திலிருந்து தொடங்குவது எளிது. தினமும் அது உருண்டையாக, எடுத்தால் கையில் ஒட்டாத கட்டித்தன்மையில் இருக்கிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். இளகலாக இருந்தால் உணவிலோ குடலிலோ சிக்கல். நார்ச்சத்தைக் கூட்டினால் மலத்தின் பருமன் கூடி, பையை உள்ளிருந்து நன்றாக அழுத்தும். வேகவைத்து மசித்த பூசணியோ இசப்கோல் உமியோ இதற்குப் பயன்படுகின்றன. அளவை நாயின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். உமி கொடுத்தால் தண்ணீரும் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் மலம் இறுகிவிடும். மனிதர்களுக்காக விற்கும் இனிப்பூட்டிய நார்ப்பொடிகளை வாங்காதீர்கள். அவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்குக் கொடிய நஞ்சு. நார்ச்சத்து எல்லா நாய்க்கும் பலன் தரும் என்று உறுதி கூற முடியாது. செலவு குறைவு, தீங்கு குறைவு என்பதால் முதலில் முயன்று பார்க்கத் தகுந்தது, அவ்வளவே.

மலம் நன்றாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் அடுத்த சந்தேகம் ஒவ்வாமை. உணவு ஒவ்வாமையை உறுதிப்படுத்த நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. நாய் இதுவரை சாப்பிட்டிராத ஒரே புரதம் கொண்ட உணவையோ, புரதத்தை நுண்ணியதாகச் சிதைத்துத் தயாரித்த சிறப்பு உணவையோ குறைந்தது எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவுக்குத் திரும்பி, அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. எட்டு வாரமும் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. ஒரு பிஸ்கட், சுவையூட்டிய ஒரு மாத்திரை, சாப்பாட்டு மேசையடியில் குழந்தை நீட்டும் ஒரு துண்டு, ஏதாவது ஒன்று போதும் சோதனையைப் பாழாக்க. பெரும்பாலான சோதனைகள் தோற்பது இங்கேதான். உணவு காரணமில்லை என்று தெரிந்தால் சுற்றுப்புற ஒவ்வாமைக்கான மருந்துகளுக்குப் போக வேண்டியிருக்கும். அரிப்பு அடங்கியதும் பையின் தொல்லையும் கூடவே அடங்குவதைப் பார்க்கும்போதுதான், இத்தனை நாள் பிழிந்ததெல்லாம் வீண் என்று புரியும்.

இவை எதுவும் பலிக்காதபோது, அல்லது கட்டி மறுபடி மறுபடி உடையும்போது, பைகளை அறுத்து எடுப்பது கடைசி வழி. கடுமையான அழற்சி தணிந்த பிறகே செய்ய வேண்டும். வீங்கிய திசுவில் எல்லைகள் தெரியாது. பையை மெழுகாலோ பிசினாலோ நிரப்பி, தடவினால் தெளிவாகப் புலப்படும்படி செய்துகொண்டு, சுற்றுத் தசையைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுப்பது நுணுக்கமான வேலை. மலத்தை அடக்கும் தசையும் அதற்கான நரம்பும் ஒட்டியே இருப்பதால், அறுவைக்குப் பிறகு சில நாட்களோ வாரங்களோ நாய் கட்டுப்பாடின்றி மலம் கழிக்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும்; நரம்பு சேதமானால் நிலைத்தும் விடலாம். பையின் உட்சுவரில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அங்கிருந்து சீழ் வடிந்துகொண்டே இருக்கும். ஆகவே இதை அடிக்கடி செய்து பழகிய அறுவை மருத்துவரைத் தேடிப் போவது நல்லது. நாற்றம் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் இந்த அறுவையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது நாய்க்குச் செய்யும் நியாயமன்று.

எப்போதாவது வரும், ஆனால் மறக்கக் கூடாதது

இந்தப் பையின் சுவரில் புற்றுநோயும் வரும். ஒன்பது பத்து வயதைக் கடந்த நாய்களில், ஆண் பெண் வேறுபாடின்றி வருகிறது. இங்கிலிஷ் காக்கர் ஸ்பானியலில் கூடுதலாகக் காணப்படுகிறது. இதன் சூழ்ச்சி என்னவென்றால், பையில் இருக்கும் கட்டி ஒரு பட்டாணி அளவுகூட இல்லாதபோதே வயிற்றுக்குள் இடுப்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி, அங்கே பெரிதாக வளர்ந்திருக்கக்கூடும். வீங்கிய கணுக்கள் மலக்குடலை நெருக்கும். மலம் தட்டையாக, நாடாவாக வரும்.

கணிசமான நாய்களில் இந்தக் கட்டி பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த ஒரு புரதத்தைச் சுரந்து இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்துகிறது. அப்போது முதல் அறிகுறி பின்புறத்தில் தோன்றாது. நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், சோர்ந்திருக்கும், வாந்தி எடுக்கும். சிறுநீரகக் கோளாறு என்றோ நீரிழிவு என்றோ தேடிக்கொண்டிருக்கும்போது இரத்த அறிக்கையில் கால்சியம் கூடியிருப்பது தெரிந்தால், அடுத்துச் செய்ய வேண்டியது மலக்குடலில் விரல் விட்டுப் பார்ப்பது. கால்சியம் நீடித்து உயர்ந்திருந்தால் சிறுநீரகம் உண்மையிலேயே கெட்டுவிடும் என்பதால் இதில் தாமதம் ஆகாது.

சிறியதாக இருக்கும்போதே, பரவுவதற்கு முன் எடுத்துவிட்டால் பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. கணுக்களுக்குப் பரவியிருந்தாலும் அவற்றையும் அறுத்து எடுப்பது, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவற்றால் வாழ்நாளை நீட்டிக்க முடிகிறது. வேறு பல புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது மெதுவாக நகரும் ரகம். எல்லாமே எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இப்படிக் கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் கணிசமானவை வேறு எதற்காகவோ வந்த நாயை மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்தபோது கையில் தட்டுப்பட்டவை. எட்டு வயதைத் தாண்டிய நாயை ஆண்டுத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லும்போது, தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும், மலக்குடல் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.